இஃப்பத் வராத நாளே இல்லை

உன்னதம் நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு மாணவர்கள் அழுவதற்குப் புதன்கிழமை மாலை நான்கு மணி முதல் நாலரை மணி வரை நேரம் ஒதுக்கியிருந்தார்கள். இடம், இணக்க மையம், மூன்றாம் எண் அறை. கைக்குட்டை அவரவர் கொண்டுவர வேண்டும். வேறு நேரத்தில் வேறு இடத்தில் அழுதால் இரண்டு மதிப்பெண் போய்விடும்.

இதில் சிரிக்க ஒன்றுமில்லை. கன்னிவாடி சாலையில், மலையைப் பார்த்தபடி, நூற்றிருபது ஏக்கரில் ஒரு பல்கலைக்கழகத்தை நடத்துவது விளையாட்டா? ஆயிரத்து இருநூறு பிள்ளைகள் ஒரே நாளில் பெட்டியும் வாளியுமாக வந்து இறங்குகிறார்கள். ஆளாளுக்கு இஷ்டப்பட்ட நேரத்தில் வீட்டை நினைத்துக்கொண்டிருந்தால் நிர்வாகம் என்னாவது? அதனால் முதலாண்டு இணக்க மையம் என்று ஒன்றைத் திறந்து, முனைவர் அருள்நாதனை அதற்கு இயக்குநராகப் போட்டு, அவர் அறைக்கு ஏசியும் வைத்துக் கொடுத்திருந்தார்கள். சேரும்போது ஒவ்வொரு பிள்ளைக்கும் நூறு இணக்க மதிப்பெண் தரப்படும். பிறகு குறைத்துக்கொண்டே வருவார்கள். சாப்பாட்டைக் குறை சொன்னால் ஐந்து. தட்டில் மிச்சம் வைத்தாலும் ஐந்து. காய்ச்சல் வந்தால் நான்கு. வாரத்தில் மூன்றாவது முறை வீட்டுக்குப் போன் செய்தால் மூன்று. விடுப்புக் கேட்டால், கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும், பத்து.

தமிழ்மதி சேர்ந்த அன்றைக்கே இரண்டு மதிப்பெண்ணை இழந்தாள். அன்று திங்கட்கிழமை.

சாணார்பட்டியிலிருந்து ஆறு கிலோமீட்டர் உள்ளே தள்ளி இருக்கிறது அவள் ஊர். அப்பா சோலைமுத்துவுக்குத் தக்காளியும் கனகாம்பரமும்தான் வெள்ளாமை. மகள் பன்னிரண்டாம் வகுப்பில் கணக்கில் தொண்ணூற்றேழு எடுத்தாள் என்று, குடும்பத்திலேயே முதல் ஆளாக அவளைப் பி.எஸ்சி. கணிதத்தில் கொண்டுவந்து சேர்த்தார். பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலையும் மாற்றுச் சான்றிதழையும் அலுவலகத்தில் வாங்கி, 'பாதுகாப்புக்காக' என்று இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டினார்கள். விடுதி வாசலில் ஒரு மஞ்சள் கோடு போட்டு, 'பெற்றோர் பிரியும் எல்லை. இரண்டு நிமிடத்துக்கு மேல் நிற்க வேண்டாம்' என்று எழுதியிருந்தது. எழுதி வைத்ததை மீறிப் பழக்கமில்லாத சோலைமுத்து, செருப்பு நுனி கோட்டில் படாமல் நின்றுகொண்டு, "நல்லாச் சாப்பிடு தாயி. வாரேன்" என்றார். இரண்டு நிமிடம் ஆவதற்குள் திரும்பி நடந்துவிட்டார். அவர் முதுகைப் பார்த்ததும் இவளுக்குப் பொத்துக்கொண்டு வந்தது.

அன்று அவளைத் தேற்றியது அறைத்தோழி இஃப்பத். "ஏண்டி, அழுதா மார்க்கக் கொறைப்பாங்களாம்ல? கண்ணுல தூசின்னு சொல்லு. தூசிக்கு இன்னும் சட்டம் போடல" என்று தன் துப்பட்டாவை நீட்டினாள்.

இஃப்பத்துக்குத் திண்டுக்கல் பேகம்பூர். அத்தா பக்ருதீனுக்குத் தோல் பதனிடும் இடத்தில் வேலை. அம்மா தாஹிரா வீட்டு முன்னால் அடுப்பு வைத்து மதியத்துக்கு ஓர் அண்டா பிரியாணி போட்டு விற்பாள். இஃப்பத்துக்குக் கணிதத்தில் அப்படி ஒன்றும் பிரியமில்லை. ரத்தம் எடுத்து, கண்ணாடித் தகட்டில் தடவி, மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்க்கிற படிப்பு வேண்டும் என்று இருந்தாள். அதற்கு இடம் கிடைக்காமல் இங்கே வந்தாள்.

முதல் வாரம் சாப்பாட்டுக் கூடத்தில் தமிழ்மதி, "அண்ணே, இன்னைக்கு என்ன வெஞ்சனம்?" என்று கேட்டுவிட, கூட்டு பொரியலை அப்படிச் சொல்லிக் கேட்டறியாத வெளியூர்ப் பிள்ளைகள் ஒரு மேசை முழுக்க விழுந்து விழுந்து சிரித்தார்கள். மறுநாளிலிருந்து மூன்று வேளையும் இஃப்பத்தே முன்னால் போய் நின்று, கூடம் முழுக்கக் கேட்கும்படி, "அண்ணே, என்ன வெஞ்சனம்?" என்று கேட்டாள். சிரித்தவர்களுக்கு நாலு நாளில் அலுத்துப்போனது. தமிழ்மதிக்கு அந்த நூற்றிருபது ஏக்கரில் சொந்தம் என்று சொல்லிக்கொள்ள இஃப்பத் ஒருத்திதான் இருந்தாள்.

வகுப்பு, சாப்பாட்டுக் கூடம், நூலகம், விடுதி, வெளிவாசல் என்று எல்லா வாசலிலும் ஓர் இயந்திரம் மாட்டியிருந்தது. கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையை அதில் தொட வேண்டும். பச்சை விளக்கு எரியும். இனிமையான ஒரு பெண் குரல், "தமிழ்மதி, நீங்கள் நலம்" என்று சொல்லும். யாரையும் அது விசாரிப்பதில்லை. தெரிவித்துவிடும்.

ஆகஸ்டு மாதம் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறு ஒரு நாள்தான் பத்து மணியிலிருந்து ஐந்து மணி வரை வெளியே போகலாம். இருவரும் பேருந்துக்கு நிற்கும்போது இஃப்பத்துக்குப் போன் வந்தது. வேலைக்குப் போன இடத்தில் பக்ருதீன் சாய்ந்துவிட்டார். வலது கையும் காலும் விளங்கவில்லை. பேச்சும் குழறுகிறது.

இஃப்பத் தன் கழுத்திலிருந்த அட்டையைக் கழற்றித் தமிழ்மதியின் கையில் வைத்து அழுத்தினாள்.

"மூணே நாளு மதி. லீவுன்னு போய் நின்னா அந்த ஆளு அம்புட்டுக் கேள்வி கேப்பான். அட்டைய மட்டும் தொட்டுரு. புதன்கெழம வந்துருவேன், இன்ஷா அல்லா."

"நீ போ. நான் பாத்துக்கிறேன்" என்றாள் தமிழ்மதி. ஒரு தோழிக்காக இதைக்கூடச் செய்ய மாட்டாளா? யாராக இருந்தாலும் செய்திருப்பார்கள். அன்று மாலை வெளிவாசலில் இரண்டு அட்டைகளையும் அவளே தொட்டாள். காவலாளி சடையாண்டி அவள் பின்னால் எட்டிப் பார்த்தார். யாருமில்லை. பச்சை விளக்கு இரண்டு முறை எரிந்ததைப் பார்த்துவிட்டு மறுபடி நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். விளக்கைப் பார்க்கத்தான் அவருக்குச் சம்பளம். ஆளை எண்ணும் வேலையை அவரிடமிருந்து எடுத்து இரண்டு வருடமாகிறது.

மூன்று நாள் பத்து நாளாகி, பத்து நாள் ஒரு மாதமானது. எல்லா வாசலிலும் தமிழ்மதி இரண்டு அட்டை தொட்டாள். "தமிழ்மதி, நீங்கள் நலம். இஃப்பத், நீங்கள் நலம்." சாப்பாட்டுக் கூடத்தில்தான் சிக்கல். இரண்டாவது அட்டையைத் தொட்டதும் இரண்டாவது தட்டு வந்துவிடும். மிச்சம் வைத்தால் இஃப்பத்துக்கு ஐந்து மதிப்பெண் போகும். ஆகவே இரண்டு தட்டையும் அவளே தின்றாள். காலையில் நாலு இட்லி அவளுக்கு, நாலு இட்லி இஃப்பத்துக்கு. பசித்தாலும் பசிக்காவிட்டாலும் எட்டு.

செப்டம்பரில் சோலைமுத்துவும் அம்மா பழனியம்மாளும் ஒரு ஞாயிறு பார்க்க வந்தார்கள். பழனியம்மாள் மகளின் கன்னத்தைத் தடவித் தடவிப் பார்த்தாள்.

"உடம்பு தேறிருச்சேடி! இங்கிட்டுச் சோறு ஒத்துக்கிருச்சு போல. நாந்தேன் கெடந்து வெசனப்பட்டேன்."

"நான் அப்பவே சொல்லல? புள்ள பழகிக்கிரும்னு" என்று சோலைமுத்து பூரித்துப்போனார். தமிழ்மதி தலையாட்டினாள். வாரக் கணக்கில் ஒருத்தியோடும் வாய்விட்டுப் பேசாமல் இருப்பதை அவளால் அவர்களிடம் சொல்ல முடியவில்லை. அத்தனை சந்தோஷமாக வந்திருந்தார்கள்.

அந்த மாதக் கடைசியில் உள்தேர்வு வந்தபோது தமிழ்மதி நடுங்கிப்போனாள். அட்டையைத் தொடலாம், இன்னொருத்தி பரீட்சையை எப்படி எழுதுவது? முடிவு பலகையில் ஒட்டிய அன்று கூட்டத்தில் புகுந்து பார்த்தாள். தமிழ்மதி ஐம்பத்தெட்டு. இஃப்பத் அறுபத்திரண்டு. கணக்கில் தொண்ணூற்றேழு வாங்கியவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறகுதான் தெரிந்தது. முதலாண்டில் யாரும் தோற்கக் கூடாது என்பது பல்கலைக்கழகத்தின் கொள்கை. விடைத்தாள் வராத பிள்ளைக்கு வகுப்பின் சராசரியைப் போட்டு, அதற்குமேல் ஊக்கத்துக்காக ஐந்து சேர்ப்பார்கள். தமிழ்மதி விடைத்தாளைக் கொடுத்துவிட்டதால் அவளுக்கு எதுவும் செய்ய முடியாமல் போய்விட்டது.

அக்டோபர் முதல் வாரம் இஃப்பத் போனில் பேசினாள். குரல் நிதானமாக இருந்தது.

"நான் இனி வரல மதி. அத்தாவத் தூக்கி ஒக்கார வைக்கவே ரெண்டாளு வேணும். அம்மா ஒத்தையில என்ன செய்யும்? ஆனா ஒரு சேதி. டவுன்லயே கவர்மெண்டு ஆஸ்பத்திரியில லேப் டெக்னீசியன் படிப்புக்கு ஒரு சீட்டு கெடைச்சிருச்சு. காலையில போனா ரெண்டு மணிக்கு வீட்டுக்கு வந்துரலாம். அத்தாவயும் பாத்துக்கலாம். நான் ஆசப்பட்ட படிப்புடி!"

தமிழ்மதிக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

"இருவத்தொம்பதாம் தேதி சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள ஒரிஜினல் மார்க் ஷீட்டும் டி.சி.யும் குடுத்துறணும். இல்லன்னா அடுத்த ஆளுக்குப் போயிரும். அந்த அலமாரியில கெடக்குல்ல, அதக் கொஞ்சம் கேட்டுப் பாரேன். எனக்கு நகர முடியல."

மறுநாளே தமிழ்மதி அலுவலகத்துக்குப் போனாள். எழுத்தர் முத்துச்சாமி நல்ல மனிதர். வந்தவர்களை உட்காரச் சொல்லித்தான் இல்லை என்பார். கணினியைத் தட்டிப் பார்த்துவிட்டு, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"இஃப்பத்தா? நூத்துக்கு நூறு வருகை. இன்னைக்குக் காலையில நாலு இட்லி சாப்பிட்டிருக்கு. ஒம்பது மணிக்குக் கிளாஸ்ல இருந்திருக்கு. காலேஜ விட்டுப் போன புள்ளைக்குத்தாம்மா டி.சி. குடுப்போம். போகாத புள்ளைக்கு எப்பிடிக் குடுக்குறது?"

"அந்த இட்லியை நாந்தான் சார் சாப்பிட்டேன்."

"உன் கணக்குலயும் நாலு இருக்கே?"

"அதையும் நாந்தான் சாப்பிட்டேன். எல்லாத்தையும் நாந்தான் தொட்டேன் சார். ஆகஸ்டுலயே அவ போயிட்டா. தப்பு என்னோடது."

முத்துச்சாமி கணினியையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். நேரில் நிற்பவளை நம்புவதா, திரையில் இருப்பவளை நம்புவதா என்று அவருக்கு உண்மையிலேயே சங்கடமாக இருந்திருக்க வேண்டும். "நீ தப்புப் பண்ணியிருக்கலாம்மா. மிஷின் பண்ணாது. எதுக்கும் டைரக்டரப் பாரு" என்று அனுப்பிவிட்டார்.

முனைவர் அருள்நாதன் அவள் சொன்னதை முழுக்கக் கேட்டார். ஒருமுறைகூட இடைமறிக்கவில்லை. முடிந்ததும் எழுந்து ஏசியின் குளிரைக் குறைத்தார்.

"பாரும்மா தமிழ்மதி. நம்ம யுனிவர்சிட்டிக்கு ஸ்டூடண்ட்தான் உயிர். ஸ்டூடண்டோட நலன்தான் உயிர். அந்த நலன் எங்க இருக்கு? டேட்டாவுல இருக்கு. டேட்டாவுல ஒரு பிள்ளை சந்தோஷமா இருக்கும்போது, அது நேர்ல எங்க இருந்தா நமக்கென்ன? இருபத்தேழாம் தேதி தரக்குழு வருது. முதலாண்டுல இடைநின்றவர்கள் பூஜ்யம்னு நான் எழுதிக் கொடுத்தாச்சு. ஒருத்தி போனாலும் அது பூஜ்யம் புள்ளி பூஜ்யம் எட்டு சதவீதம். அந்த எட்டை நான் எங்க கொண்டுபோய் வைக்கிறது?"

"அவளுக்கு இருபத்தொம்பதாம் தேதி கடைசி சார்."

"அதான் சொல்றேன். குழு போகட்டும். இருபத்தெட்டாம் தேதி நானே கையெழுத்துப் போட்டுத் தர்றேன். அதுவரைக்கும் நீ அட்டையைத் தொட்டுக்கிட்டே இரு. திடீர்னு நிறுத்தினா ஆள்மாறாட்டம்னு ரெண்டு பேர் மேலயும் விசாரணை வரும். விசாரணை முடியாம சான்றிதழ் வெளியே போகாது. அது எத்தனை வருஷம் ஆகும்னு எனக்கே தெரியாது." பிறகு குரலைத் தாழ்த்தி, "நீ அவளைத் தேடுறது எனக்குப் புரியுது. அதுக்கு ஒரு படிவம் இருக்கு. எழுதிக் கொடு. புதன்கிழமை மூணாம் நம்பர் ரூமுக்கு வந்துரு" என்றார்.

பதினான்காம் எண் படிவம் அது. 'உடன் பயிலும் மாணவர் அருகில் இல்லை என்ற எண்ணம் உங்களுக்கு எத்தனை நாளாக இருக்கிறது?' என்று முதல் கேள்வி. அறுபது நாள் என்று எழுதினாள். அவள் கணக்கில் ஆறு மதிப்பெண் குறைந்தது.

புதன்கிழமை மூன்றாம் எண் அறைக்கும் போனாள். வரிசையாக நாற்காலி போட்டு இருபது பேர் ஒழுங்காக அழுதுகொண்டிருந்தார்கள். அருள்நாதன் கையில் கடிகாரத்துடன் நடுவே நடந்தார். தமிழ்மதிக்கு அங்கே ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. ஒத்துழைக்கவில்லை என்று அதற்கும் இரண்டு குறைந்தது.

ஆனால் அட்டையைத் தொடுவதை அவள் விடவில்லை. ஒவ்வொரு முறையும் "இஃப்பத், நீங்கள் நலம்" என்று குரல் சொல்லும்போது, பேகம்பூரில் அவள் அத்தாவைப் புரட்டிப் போட்டு முதுகு துடைத்துக்கொண்டிருப்பாள் என்று நினைத்துக்கொள்வாள். இருபத்தெட்டாம் தேதி வரைதானே என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

தரக்குழுவில் ஐந்து பேர். பூரண கும்பம், பன்னீர், சந்தனம் எல்லாம் முடிந்து அரங்கத்தில் உட்கார வைத்தார்கள். முதலாண்டிலேயே மிகச் சிறப்பாக இணங்கிப்போன மாணவருக்கு 'இணக்கச் செம்மல்' பதக்கம் இந்த ஆண்டு முதல் வழங்கப்படும் என்று துணைவேந்தர் அறிவித்தார். மனிதர் கை படாமல் கணினியே தேர்ந்தெடுக்கும். அரங்கத்தின் பெரிய திரையில் பெயர்கள் கடகடவென்று ஓடி ஒன்றில் நின்றன. இஃப்பத். நூற்றுக்கு நூறு.

அது நியாயமான தேர்வுதான். சேர்ந்த நாளிலிருந்து அவள் விடுப்புக் கேட்கவில்லை. உணவைக் குறை சொல்லவில்லை. காய்ச்சல் வரவில்லை. அழவில்லை. ஓர் ஆசிரியரிடமும் ஒரு சந்தேகமும் கேட்டதில்லை. ஆயிரத்து இருநூறு பேரில் இப்படி இன்னொரு பிள்ளையை யாராலும் காட்ட முடியாது.

கைதட்டல் ஓய்ந்தது. யாரும் எழுந்து வரவில்லை. அருள்நாதனின் முகத்தில் ஒரு நொடி ஏதோ ஓடியது. பிறகு அவர் கண் கூட்டத்தைத் துழாவித் தமிழ்மதியிடம் வந்து நின்றது. அவளை மேடைக்குக் கூப்பிட்டு, அறைத்தோழி சார்பாகப் பெற்றுக்கொள்வாள் என்றார். குழுத் தலைவர் பதக்கத்தை அவள் கையில் கொடுத்து, அன்பாக, "உன் தோழி ஏம்மா வரலை?" என்று கேட்டார்.

ஒலிபெருக்கி அவள் வாய்க்கு நேரே இருந்தது. இதை விட்டால் வேறு சந்தர்ப்பம் இல்லை என்று நினைத்தாள். "அவ இங்க இல்லைங்க சார். ரெண்டு மாசத்துக்கு முந்தியே போயிட்டா" என்றாள்.

அருள்நாதன் சிரித்துக்கொண்டே ஒலிபெருக்கியை வாங்கினார். "தோழி மேல அவ்வளவு பாசம். கொஞ்ச நேரம் பிரிஞ்சாலும் ரெண்டு மாசமாத் தெரியுது. இஃப்பத் எங்கே இருக்காங்கன்னு நாம ஏன் ஊகிக்கணும்? பார்த்துடலாமே" என்று திரையைக் காட்டினார். திரையில் வந்தது: 'இஃப்பத். நூலகம். காலை 9.12 முதல்.' காலையில் தமிழ்மதிதான் தொட்டுவிட்டு வந்திருந்தாள். பதக்கம் வாங்கக்கூட வராமல் படித்துக்கொண்டிருக்கும் மாணவியை நினைத்துக் குழுத் தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இதுதான் கல்வி" என்று தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டதாகப் பிறகு சொன்னார்கள்.

மறுநாள், இருபத்தெட்டாம் தேதி, தமிழ்மதி அருள்நாதன் அறை வாசலில் காலை எட்டு மணிக்கே போய் நின்றாள். பதினொரு மணிக்கு அவர் கூப்பிட்டார்.

"நேத்து வரைக்கும் அவள் சாதாரண மாணவிம்மா. கையெழுத்துப் போட்டிருப்பேன். இன்னைக்கு அவள் இணக்கச் செம்மல். வெளிவாசல்ல பேனர் வச்சாச்சு. பத்திரிகைக்குச் செய்தி போயாச்சு. செம்மல் பாதியில போறதுன்னா பதக்கத்துக்கு என்ன மரியாதை?"

"சார், நீங்க சொன்னீங்கன்னுதான் சார் நான் தொட்டேன்."

"நல்லாத் தொட்டே. அதை நான் மறுக்கலை" என்றார் அவர். கொஞ்சம் யோசித்துவிட்டு, மனமிரங்கியவர்போலச் சொன்னார்: "சரி. அவளே நேர்ல வந்து ஒன்பதாம் நம்பர் படிவத்துல கையெழுத்துப் போடட்டும். பார்க்கலாம்."

தமிழ்மதி போனில் சொன்னபடி, புதன்கிழமை, இருபத்தொன்பதாம் தேதி, மூன்று மணிக்கு இஃப்பத் வெளிவாசலில் வந்து இறங்கினாள். மதியச் சோறு விற்று முடித்து, அத்தாவைப் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் விட்டுவிட்டு, பேருந்து பிடித்து வந்திருந்தாள். நாலரைக்கு வரும் பேருந்தைப் பிடித்தால் ஐந்து மணிக்குள் ஆஸ்பத்திரிக்குப் போய்விடலாம். வாசலுக்கு மேலே, இரண்டு ஆள் உயரத்துக்கு அவள் முகம். சேரும்போது எடுத்த படம்.

"அட்டை எங்க ஆத்தா?" என்று கேட்டார் சடையாண்டி.

"உள்ள இருக்குண்ணே."

அவர் தன் சிறிய திரையைப் பார்த்தார். பேனரைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். "நீ உள்ளதான் இருக்கேன்னு இதுல வருது. ரெண்டாம் மாடியில, கிளாஸ்ல. உள்ள இருக்குற புள்ளைய நான் எப்பிடி மறுக்கா உள்ள விடுறது? நீ மொதல்ல வெளிய வரணும்ல?"

"நான் வெளியதான நிக்கிறேன்!"

"எனக்குத் தெரியுதும்மா. எனக்குக் கண்ணு இருக்கு" என்றார் சடையாண்டி பாவமாக. "இதுக்குத் தெரியலையே."

பார்வையாளர் சீட்டு மாணவர்களுக்குக் கிடையாது. பெற்றோர் என்றால் ஞாயிறு வரலாம். அவர் முத்துச்சாமிக்குப் போன் போட்டார். முத்துச்சாமி கணினியைப் பார்த்துவிட்டு, வகுப்பு முடிந்ததும் அந்தப் பெண்ணை உள்ளே இருந்தே அலுவலகத்துக்கு வரச் சொல்லுங்கள் என்றார்.

மூன்றரைக்கு வகுப்பு விட்டதும் தமிழ்மதி இஃப்பத்தின் அட்டையோடு ஓடி வந்தாள். வெளியே போனதாகத் தொட்டுவிட்டால், பிறகு உள்ளே வரலாம் இல்லையா? தொட்டாள். சிவப்பு விளக்கு எரிந்தது. "இஃப்பத், இன்று ஞாயிறு அல்ல. நீங்கள் நலம்" என்றது குரல். மறுபடி தொட்டாள். மறுபடி அதையே சொன்னது. வாசலைத் திறக்க இயக்குநரின் ஒப்புதல் வேண்டும். திரும்பி மையத்துக்கு ஓடினாள். முக்கால் கிலோமீட்டர் தூரம். அவள் போய்ச் சேர்ந்தபோது மணி நாலு ஆகிவிட்டது. மூன்றாம் எண் அறைக் கதவைச் சாத்தியிருந்தார்கள். அவள் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

"சார், இஃப்பத் கேட்டுல நிக்கிறா. ஒரு போன் பண்ணுங்க சார். ஒரே ஒரு போன்."

அருள்நாதன் உதட்டில் விரல் வைத்தார். "ஷ்... இங்கே பேசக் கூடாது. அழ மட்டும்தான் அனுமதி. நாலரைக்கு மேல வா."

"நாலரைக்குப் பஸ்ஸு சார்."

"பார், இன்னைக்கு உனக்கு நல்லா உணர்ச்சி வந்திருக்கு. வீணாக்காதே. உட்கார்" என்று ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

அவள் உட்காரவில்லை. அவர் காலில் விழுந்துவிடலாமா என்றுகூட ஒரு நொடி நினைத்தாள். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே அவர் அடுத்த வரிசைக்குப் போய்விட்டார். அவள் வெளியே வந்து மறுபடி வாசலுக்கு ஓடினாள்.

இஃப்பத் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தாள். மெலிந்து போயிருந்தாள். தமிழ்மதியை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஏண்டி, என் சோத்தையும் சேத்துத் தின்னு நல்லாத்தான் இருக்க" என்று சிரித்தாள். பிறகு இவள் முகத்தைப் பார்த்து அவள் சிரிப்பு நின்றுவிட்டது. கேட்க வேண்டியது எதுவும் இல்லாமல் போயிற்று.

"அந்த மூணு நாளு நான் தொடாம இருந்திருந்தா, உன் பேர அப்பவே எடுத்திருப்பாங்க. உன் சர்டிபிகேட்டயும் குடுத்திருப்பாங்க. எல்லாத்தையும் நாந்தேன் கெடுத்துட்டேன்" என்றாள் தமிழ்மதி.

"நாந்தான தொடச் சொன்னேன்? விடுடி."

"சீட்டு?"

"அடுத்த ஆளுக்குப் போகும். எவளோ ஒருத்தி படிக்கட்டும்." சொல்லிவிட்டு இஃப்பத் முகத்தைத் திருப்பி, தன் படத்தை அண்ணாந்து பார்த்தாள். "போட்டோவுல நான் எம்புட்டுச் சந்தோஷமா இருக்கேன் பாரு" என்றபோது குரல் உடைந்தது. கண்ணில் தூசி என்று சொல்லவில்லை. வெளியே நிற்பவளுக்கு எதற்குத் தூசி?

தமிழ்மதி பையிலிருந்து பதக்கத்தை எடுத்துக் கம்பி வழியாக நீட்டினாள். இஃப்பத் அதை வாங்கிப் பின்பக்கம் திருப்பிப் பார்த்தாள். தன் பெயர் சரியாக எழுதியிருக்கிறதா என்று பார்த்தாள் போலும். அதைக் கைப்பையில் போட்டுக்கொண்டு, ஒரு சின்னத் தூக்குவாளியைக் கம்பி வழியாகச் சாய்த்துத் தந்தாள். "அம்மா குடுத்து விட்டுச்சு. உனக்குன்னு தனியா எடுத்து வச்சது." பேருந்து ஐந்து நிமிடம் முன்னதாகவே வந்து நின்றது. அவள் ஏறினாள். சன்னல் ஓரம் இடம் கிடைக்கவில்லை என்பதால் கடைசி வரை அவள் முகம் தெரியவில்லை.

தமிழ்மதி கம்பியைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள். சடையாண்டி மணியைப் பார்த்தார். நாலு இருபத்தெட்டு. நேரம் சரிதான், இடம்தான் தப்பு. அவர் விளக்குப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

அன்று ஏழு மணிக்குச் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போனபோது தமிழ்மதி ஒரு முடிவோடு போனாள். இனி அந்த அட்டையைத் தொடுவதில்லை. விசாரணை வரட்டும். தன் அட்டையை மட்டும் தொட்டாள்.

"தமிழ்மதி, நீங்கள் நலம்" என்றது குரல்.

அவள் நகர்வதற்குள் பச்சை விளக்கு தானாகவே இன்னொரு முறை எரிந்தது. "இஃப்பத், நீங்கள் நலம்." செம்மல்கள் இனி அட்டையைத் தொட வேண்டியதில்லை, அவர்களின் வருகையை இயந்திரமே பதிந்துகொள்ளும், அவர்கள் மதிப்பெண்ணில் எதுவும் குறையாது என்று அன்று மதியம்தான் சுற்றறிக்கை வந்திருந்தது. பரிமாறுகிறவர் இரண்டு தட்டுகளை நீட்டினார்.

இரண்டையும் வாங்கிக்கொண்டுபோய், ஒன்றை எதிரே வைத்துவிட்டு உட்கார்ந்தாள். தூக்குவாளியைத் திறந்து ஒரு வாய் எடுத்துப் போட்டாள். மதியத்துச் சோறு, ஆறியிருந்தது. அதை முழுக்கச் சாப்பிட்டாள். தட்டுகள் இரண்டும் அப்படியே இருந்தன.

உணவை வீணாக்கியதற்காகத் தமிழ்மதியின் கணக்கில் ஐந்து மதிப்பெண் குறைந்தது. இஃப்பத்துக்கு ஒன்றும் குறையவில்லை.